தராசில் ஏறாத மூலக்கூறுகள்

காந்தப்புலத்தில் அயனியின் பாதை வளைவதை நடத்தி, நிறை நிறமாலைமானியை எடுத்துக்காட்டாகச் சொல்லி முடித்தேன். மாணவி ஒருத்தி கேட்டாள்: "மின்னூட்டமே இல்லாத மூலக்கூறு எங்கே போகும், சார்?" வெற்றிடப் பம்பு வெளியே இழுத்துவிடும் என்றேன். "அப்போ அது இருந்ததே தெரியாதா?"

தெரியாதுதான். காந்தத்துக்குப் படம் வரைந்து ஒரு பாடவேளை ஒதுக்கும் நாம், அயனியாக்கத்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். கருவியின் உணர்திறன் பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது.

பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த இரத்தத்தைத் தாளில் உலர்த்தி, சுமார் 3 மில்லிமீட்டர் வட்டு ஒன்றை வெட்டிச் சோதிப்பார்கள். அதில் ஃபீனைல்அலனின் மிகுந்திருப்பதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால், உணவுமுறையை மாற்றி மூளைப் பாதிப்பைத் தடுக்கலாம். கையில் இருப்பதோ அந்தச் சிறு வட்டுதான்.

இதற்குப் பயன்படும் மின்தெளிப்பு முறைக்காக ஜான் ஃபென் 2002-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நுண்ணிய ஊசியில் வரும் கரைசலுக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால், அது மின்னூட்டம் பெற்ற துளிகளாகச் சிதறும். துளி ஆவியாகிச் சுருங்கச் சுருங்க, ஒத்த மின்னூட்டங்கள் நெருங்கும். விலக்குவிசை பரப்பு இழுவிசையை மிஞ்சும்போது துளி உடையும். முடிவில் அயனிகள் வெளிப்படும்.

அப்படியானால் துளி தொடக்கத்திலேயே சிறிதாக இருந்தால் நல்லதல்லவா? 10 செ.மீ. கனசதுரத்தை 1 செ.மீ. கட்டைகளாக வெட்டினால் எத்தனை பரப்பு என்று கேளுங்கள். ஆறாம் வகுப்பே சொல்லிவிடும். 600 சதுர செ.மீ. 6000 ஆகும். நானோ மின்தெளிப்பின் சூட்சுமம் இதுதான். ஊசிமுனை சில மைக்ரான் அகலமே. நிமிடத்துக்குச் சில பத்து நானோலிட்டர் கரைசல் போதும்.

அடுத்த எதிரி உப்பு. சோடியம் அயனிகள் துளியில் மின்னூட்டத்துக்குப் போட்டியிட்டு, நாம் தேடும் மூலக்கூறை அமுக்கிவிடும். ஆகவே உப்பை முதலில் நீக்குவார்கள். சிறிது ஃபார்மிக் அமிலம் (சில வகை எறும்புகளின் கடியில் எரிவது இதுவேதான்) சேர்த்தால் மூலக்கூறில் புரோட்டான் எளிதில் ஒட்டும்.

மிச்சமுள்ள அமுக்கத்துக்கு ஐசோடோப்பு கைகொடுக்கிறது. சில ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக டியூட்டீரியம் உள்ள ஃபீனைல்அலனினைத் தெரிந்த அளவில் மாதிரியுடன் கலப்பார்கள். அமுக்கம் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கும், விகிதம் மாறாது. இழந்த உணர்திறன் இதனால் திரும்பாது, கணக்கு மட்டும் பிழைக்கும்.

மறுநாள் இதைச் சொன்னபோது அவள் கேட்டாள்: "ஐசோடோப்பு பாடத்துல ஏன் சார் இதைச் சொல்லல?"