இன்றைய சொல்: சிறையும் தவமும்



அமெரிக்காவில் பெரிய ஜெயிலுக்கு 'பெனிடென்ஷியரி'ன்னு பேர். வேர், லத்தீன் 'பேனிடென்ஷியா'. செஞ்ச தப்புக்கு மனம் வருந்துறதுன்னு பொருள். சர்ச் வழக்கில் அதுவே பாவத்துக்காகச் செய்யும் தவம் ஆச்சு. நம்ம ஊர் கத்தோலிக்கர் 'தவக்காலம்'னு சொல்றது இந்தத் தவத்துக்கான காலத்தைத்தான்.

1829-ல் பிலடெல்பியாவில் திறந்த சிறையில் ஓர் அறைக்கு ஒரே ஆள், பேச்சே கூடாது. தனிமையில் திருந்துவாங்கன்னு நம்பினாங்க. 1842-ல் நேரில் பார்த்த டிக்கன்ஸ், கொடுமைன்னு எழுதினார்.

தமிழில் ரெண்டும் வேற வேற சொல். சிறைன்னா காவல், தடுப்பு. தவம் 'தபஸ்' வழி வந்தது, வேர்ப்பொருள் வெப்பம். பூட்டை வெளியே இருந்து அடுத்தவர் போடலாம். உள்ளே சூடு தானா எழணும்.

கந்தபுராணம் பாருங்க. சூரபத்மன் பெருந்தவம் செஞ்சான். வரம் வாங்கி தேவர்களையே சிறையில் அடைச்சான். தவம் இருந்தும் மனம் மாறல. பிரணவப் பொருள் தெரியாத பிரம்மாவை முருகன் சிறை வைத்தார். ஈசன் கேட்டதும் விடுவித்தார். படைப்புத் தொழிலும் பிரம்மாவுக்கே திரும்பியது.

சாத்தூர்ல தண்டனை முடிச்சு வந்த ஒரு பையன் தீப்பெட்டி ஆபீஸிலோ சேவுக் கடையிலோ வேலை கேட்டு வருவான். 'ஜெயிலுக்குப் போனவன்'னு விரட்டினா, திறந்த பூட்டை நாம திரும்பப் போடுறோம். சஷ்டிக்குக் காப்புக் கட்டுற கை, அவனுக்குக் கதவைத் திறக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!