ஞானஸ்நானத்துக்கு முன் ஒரு வேலை

அன்புள்ள தம்பி,

வாலிபர் முகாமில் இரட்சிக்கப்பட்டதாகவும், அடுத்த மாதம் ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகவும் நீ அனுப்பிய செய்தியைப் படித்துச் சித்தி அழுதுவிட்டேன். இத்தனை வருடம் ஜெபித்தது வீண் போகவில்லை. மறுநாளே அக்கா போன் செய்தாள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாப் பொங்கலைப் பாட்டி உன்னிடம் நீட்ட, "பேய்க்குப் படைச்சது" என்று தட்டிவிட்டாயாம். உன் பாட்டி என் அம்மா. அதனால்தான் எழுதுகிறேன்.

முகாமில் யோவான் 3ஆம் அதிகாரத்தைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நிக்கொதேமு ராத்திரியில் இயேசுவிடம் வந்தவன். பரிசேயன், சபையில் பெரிய மனிதன். வயதானவன் திரும்பவும் தாய் வயிற்றுக்குள் போய்ப் பிறக்க முடியுமா என்று கேட்டவன். அந்த ராத்திரியே அவன் மாறிவிட்டதாக யோவான் எழுதவில்லை. 7ஆம் அதிகாரத்தில், ஒருவனை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா என்று சபை நடுவே கேட்கிறான். 19ஆம் அதிகாரத்தில், ஏறக்குறைய 100 இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கொண்டுவந்து, சிலுவையில் இறந்தவரை அடக்கம் செய்ய நிற்கிறான். மூன்றையும் சேர்த்துப் படி. அவனுடைய மறுபிறப்பு எனக்கு அங்கேதான் முழுசாகத் தெரிகிறது.

புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனை வருவதற்கு முன்னால் தாத்தா பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கத்தி ஆழமாய் இறங்கினால் மரத்தில் காயம்பட்டு, அந்த இடம் முண்டு முண்டாகிவிடும். அளவாய்ச் சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். சில வருடம் பொறுத்தால் அதிலேயே மறுபடி பால் வெட்டலாம். கர்த்தர் உன்னை ஒரு நொடியில் தொட்டார் என்று நானும் நம்புகிறேன். பட்டை வளர நாள் ஆகும், தம்பி. அதற்குள் கத்தியை ஆழமாய் இறக்காதே.

கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையும் உன்னைப்போல் இயேசுவிடம் வந்தவர்தான். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் எடுத்தார். சின்ன வயதில் ஊறிய கம்பன் தமிழை அவர் கைவிடவில்லை. 1894-இல் வந்த 'இரட்சணிய யாத்திரிக'த்தில் தன் புது விசுவாசத்தை அந்தத் தமிழிலேயே பாடினார். பெற்றவர்கள் கொடுத்ததையெல்லாம் தூக்கி எறிந்தால்தான் கிறிஸ்தவன் என்று யாராவது உன்னிடம் சொன்னால், நீ நம்ப வேண்டாம்.

பொங்கலைச் சாப்பிடு என்று நான் சொல்லவில்லை. மனசு ஒப்பவில்லையென்றால் வேண்டாம். பாட்டி கையைப் பிடித்து, "எனக்கு வேணாம் பாட்டி, நீங்க சாப்பிடுங்க, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்று சொல்லியிருக்கலாமே.

லூக்கா 19-இல் சகேயுவைப் பார். அவன் திருந்தட்டும் என்று இயேசு காத்திருக்கவில்லை. உன் வீட்டில்தான் இன்று தங்குவேன் என்கிறார். பாவி வீட்டுக்குப் போகிறாரே என்று ஊரே முணுமுணுக்கிறது. சகேயு அழுததாகவோ சாட்சி சொன்னதாகவோ அதில் இல்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப என்று கணக்குச் சொல்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. எனக்கு இந்தப் பகுதி எப்போதும் பெரிது. மனந்திரும்புதல் பணப்பையைத் தொடாமல் போகாது.

மோட்டார் சைக்கிளுக்காக உன் அண்ணனிடம் கடன் வாங்கினாயே, அவன் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கிறான். நாலு மடங்கு வேண்டாம், வாங்கியதைக் கொடு. இந்த மாதச் சம்பளம் வந்ததும் முதல் தவணையை அவன் கையில் வை. சனிக்கிழமை பாட்டியைப் போய்ப் பார். பைபிளைக் கொண்டுபோகாதே, அவளுக்குக் கண் மருந்து தீர்ந்துவிட்டதாம், அதை வாங்கிக்கொண்டு போ. ஞானஸ்நானத்துக்கு அவளையும் நீயே கூப்பிடு. வருவதும் வராததும் அவள் இஷ்டம். நான் தஞ்சோங் காராங்கிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சித்தி