சவர்த் தண்ணீரும் கொட்டும் முடியும்

கேள்வி: கோண்டாவிலில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது 28. கல்யாணம் கட்டிக் காரைநகருக்கு வந்து ஒன்றரை வருடம். பிள்ளைக்கு நாலு மாதம். ஒரு மாதமாகத் தலை இழுத்தால் சீப்பு நிறைய முடி. "எங்கட தண்ணி சவர், அதுதான்" என்கிறார் மாமி. 26 வயதுத் தம்பிக்கும் நெற்றி ஏறுகிறது. அவன் ஹெல்மெட்டைக் குறை சொல்கிறான். எது உண்மை?
— வாசகி, காரைநகர்

பதில்: முதலில் மாமியின் கிணற்றை விடுதலை செய்துவிடுகிறேன். சவர்த் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. பிசுக்காக முடியில் ஒட்டும். முடி சொரசொரத்து இடையில் முறியுமே தவிர, வேரோடு கழலாது. கொட்டிய முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் தெரிந்தால் அது வேரோடு வந்தது. அதோடு, ஒன்றரை வருடமாக அதே கிணற்றில்தானே முழுகுகிறீர்கள்?

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். மிச்சம் ஓய்வில் கிடந்து, நாளுக்கு 50 முதல் 100 வரை உதிரும். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் முடியை உதிர விடாது. பிள்ளை பிறந்ததும் அந்தப் பிடி விட்டுப்போய், நிறைய முடி ஒன்றாக ஓய்வுக்குச் சென்று, இரண்டு மூன்று மாதத்தில் கொட்டத் தொடங்கும். பெரும்பாலும் பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் அளவில் சரியாகிவிடும். மார்கழி மழையோடு டெங்கு வந்தவர்களுக்கு மாசி, பங்குனியில் முடி கொட்டுவதும் இதே கணக்கில்தான். காய்ச்சலை மறந்துவிடுவார்கள், பழி புதிதாக வாங்கிய ஷாம்புவுக்கு.

ஆனாலும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைரொயிட் இரண்டையும் இரத்தத்தில் பார்த்துவிடுங்கள். பிள்ளைப்பேற்றில் இழந்த இரும்பு சும்மா திரும்பாது. சரக்குக்கறி நல்லதுதான், பத்தியம் என்று மீனையும் முட்டையையும் கீரையையும் குறைத்தால்தான் பிரச்சினை. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. உணவிலுள்ள இரும்பை அது உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

தம்பியின் கதை வேறு. நெற்றியோரமும் உச்சியும் ஐதாவது பரம்பரை வழுக்கை. தாய்வழி, தந்தைவழி இரண்டிலிருந்தும் வரலாம். ஆண் ஹோர்மோனின் ஒரு வடிவம் வேர்ப்பைகளைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. ஹெல்மெட் பாவம். அதைப் பயந்து கழற்றிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மினொக்சிடில் மருந்து பூசினால் பலருக்குப் பலன் உண்டு. முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டக்கூடும். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் பிடிக்கும். நிறுத்தினால் பழைய நிலைதான். பெண்களுக்கும் இந்தப் பரம்பரை உதிர்வு வரும், ஆனால் பெரும்பாலும் நெற்றி ஏறாது, வகிடு அகலும்.

காசளவில் வட்டமாக முடி போனால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. வெங்காயம் தேய்த்து நாளைக் கடத்தாமல் தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு முடி கொட்டுவது ஆறு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் நீங்களும் போங்கள். அதுவரை தம்பியின் மினொக்சிடில் போத்தலில் மட்டும் கை வைக்காதீர்கள். பால் கொடுக்கிறீர்கள்.