வேர் கேட்க நீர் தரும் கலயம்

கோடை விடுமுறை கழிந்து திரும்பிய நாம், துறைத் தாழ்வாரத்துத் தொட்டிச் செடிகள் சருகாகி நிற்கக் கண்டோம். ஆளில்லாத நாளில் நீர் வார்ப்பவர் யார்? இவ்வினாவே நம்மைச் சிறு சோதனைக்குத் தூண்டிற்று.

முதலில் திரியை நாடினோம். விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், வாளியிலுள்ள நீர் திரிவழியே தொட்டி மண்ணுக்கு ஏறும். அறிவியலார் இதனை நுண்புழை ஏற்றம் என்பர். ஆயின் பருத்தித் திரி விரைவில் மக்கிற்று. நைலான் திரி நிலைத்தது. எனினும் ஐப்பசி மழையில் காற்றே ஈரமாயிருந்தபோதும் அது ஓயவில்லை. வேர் அழுகிற்று.

பின்னர், சுட்ட மண்கலயத்தைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினோம். அதன் சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே, உலர்ந்த மண் நீரை ஈர்த்துக்கொள்ளும். மண் நனைந்திருப்பின் கசிவு தானே குறையும். சீனத்தில் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ஃபான் ஷெங்சியின் உழவு நூல் இம்முறையைக் கூறியுள்ளது. விருத்தாசலத்துப் பீங்கான் நம் மாவட்டத்தின் பெருமைதான். ஆனால் அதன் மெருகே இங்குப் பகை. குயவர் வனைந்த மெருகிடாத கலயமே ஏற்றது.

கலயத்தின் வாயை மூடாவிடில் கொசு முட்டையிடும். கடலோரத்து உவர்நீரை ஊற்றினாலோ, உப்புப் படிந்து துளைகள் அடைபடும். மண்ணின் மேற்பரப்பிலும் வெண்மை பூக்கும். அவ்வப்போது மேலிருந்து நன்னீர் விட்டு அவ்வுப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். மழைநீரைச் சேமித்து ஊற்றுதல் இன்னும் நன்று.

கற்றாழைக்கு மட்டும் கலயம் வைத்திலோம். விடுமுறையில் வாடாது நின்றது அது ஒன்றே.