வேலியோரத் துணைவன்

ஓங்கி நிற்கும் கோபுரத்தைக் காண்போர் அதன் உச்சியில் ஒளிவிடும் கலசத்தைப் போற்றுவர். மண்ணுக்குள் மறைந்திருந்து அதனைத் தாங்கும் கடைக்காலை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. உலகில் நடைபெறும் பெருஞ்செயல்கள் பலவற்றிற்கும் இவ்வாறு கண்ணிற்படாத கடைக்கால்கள் உண்டு. போர்க்களத்தில் வாள் வீசியவனை வரலாறு பாடும். அந்த வாளைத் தீட்டிக் கொடுத்தவனை அது பாடுவதில்லை. விளையாட்டுக் களத்திலும் நிலைமை இதுவே. அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஆடப்பெறும் பேஸ்பால் என்னும் ஆட்டத்தில், வாளைத் தீட்டிக் கொடுப்பவனைப் போன்று பணியாற்றும் மாணவன் ஒருவனைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பேஸ்பால் ஆட்டம் நாம் அறிந்த கிரிக்கெட்டைச் சில வகைகளில் ஒத்தது. ஒருவன் பந்தை எறிவான். எதிர்க்கட்சியைச் சேர்ந்த மட்டையாளன் அதனை அடிக்க முயல்வான். அவனுக்குப் பின்னால் ஒருவன் குந்தியிருந்து, அடிபடாத பந்தைக் கையுறையில் ஏற்பான். எறிபவனைப் பந்தெறிவோன் என்றும், ஏற்பவனைப் பந்தேற்போன் என்றும் நாம் வழங்குவோம். எறிவோன் 10 அங்குல உயரமுள்ள மண்மேட்டின்மீது நிற்பான். அங்கிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில், 17 அங்குல அகலமுள்ள வெண்ணிறப் பலகை ஒன்று தரையில் பதிக்கப்பட்டிருக்கும். மட்டையாளனின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில், அப்பலகைக்கு மேலாகப் பந்தைச் செலுத்துவதே எறிவோனின் கலை. இத்தொலைவு 1893ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது; இன்றளவும் மாறவில்லை. தேர்ந்த மாணவன் ஒருவன் மணிக்கு 80 மைல் விரைவில் எறியும் பந்து ஏறத்தாழ அரை நொடியில் அதனைக் கடந்துவிடும்.

இத்துணை விரைவாக எறியும் கை, உறங்கி எழுந்தவுடன் எறியும் ஆற்றல் பெற்றுவிடுவதில்லை. யாழை மீட்டுமுன் நரம்புகளைச் சுருதி கூட்டுவதுபோல, ஆட்டத்திற்கு முன் தோளையும் முழங்கையையும் படிப்படியாகச் சூடேற்றி இசைவிக்க வேண்டும். அதற்கென ஆட்டக்களத்தின் ஓரத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அதனைப் புல்பென் என்பர். எருதுகளை அடைத்து வைக்கும் பட்டி என்பது அச்சொல்லின் பொருள். பெரிய அரங்குகளில் அது வேலியால் சூழப்பட்டிருக்கும்; பள்ளிக்களங்கள் பலவற்றிலோ வெறும் எல்லைக் கோட்டின் ஓரமாகவே அமைந்திருக்கும். அங்கே எறிவோனுக்கு எதிரே குந்தியிருந்து பந்துகளை ஏற்பவனே புல்பென் பந்தேற்போன். தொழில்முறைக் குழுக்களில் இது ஊதியம் பெறும் பணியாகும். பள்ளிகளிலோ, களத்தில் ஆடும் முதற் பந்தேற்போனுக்கு அடுத்த நிலையில் உள்ள மாணவன் பெரும்பாலும் இதனை மேற்கொள்கிறான். ஆட்டக் குறிப்பில் அவன் பெயர் இடம் பெறாது; கூட்டத்தார் அவனை நோக்கிக் கைதட்டுவதும் இல்லை.

அவன் செய்யும் பணி யாது? பந்தைப் பிடித்துத் திருப்பி எறிவதுதானே என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. முதலில் எறிவோன் சிறிது ஓடி, உடலை வளைத்து நிமிர்த்திக் கொள்வான். பின்னர் இருவரும் நின்றவாறே அண்மையிலிருந்து மெல்ல எறிந்து கொள்வர். தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவர். தோள் இளகிய பின்னரே பந்தேற்போன் பலகைக்குப் பின்னால் குந்துவான். முதலில் நேர்விரைவுப் பந்துகள். அவையும் பலகையின் நடுவே. அடுத்து வலப்புற ஓரம், இடப்புற ஓரம். அதன் பின்னரே வேகம் குறைந்து ஏமாற்றும் பந்தும், வளைந்து இறங்கும் பந்தும் எறியப்படும். இறுதியாக, மட்டையாளன் ஒருவன் எதிரே நிற்பதாக எண்ணிக்கொண்டு சில பந்துகள். இவ்வரிசை முறையைக் குலையாமல் நடத்திச் செல்பவன் பந்தேற்போனே. எறிவோன் ஆர்வ மிகுதியால் விரைந்தால், பந்தைத் திருப்பி எறிவதில் சிறிது காலம் தாழ்த்தி அவனை நிதானப்படுத்துவான். எறிவோன் எட்டிப் பிடித்து வருந்தாதபடி, ஒவ்வொரு பந்தையும் அவன் மார்பளவிற்கே அனுப்புவான்.

இலக்குக் காட்டுவதும் ஒரு கலையே. கையுறையை ஓரிடத்தில் அசையாது பிடித்தல் வேண்டும். அது அலைந்தால் எறிவோனின் கண்ணும் அலையும். கண் அலைந்தால் கையும் அலையும். வளைபந்து சில வேளைகளில் முன்னதாகவே இறங்கி, மண்ணில் மோதித் தெறிக்கும். அப்பொழுது பந்தேற்போன் முழங்காலிட்டுத் தன் மார்பையே தடுப்புச் சுவராக்குகிறான். “எவ்வளவு தாழ்வாக எறிந்தாலும் இவன் விடமாட்டான்” என்ற நம்பிக்கை எறிவோனுக்குப் பிறப்பது இங்கேதான். அந்த நம்பிக்கை இல்லாதவன் களத்தில் பந்தைத் தாழ எறிய அஞ்சுவான். அஞ்சியவன் பந்து மேலெழும். மேலெழுந்த பந்தை மட்டையாளன் எளிதில் அடித்துவிடுவான்.

இப்பணியில் இடரும் உண்டு. ஆகவே எறிவோனைப் பயிற்றும் மாணவன் தலைக்காப்பும் முகக்காப்பும் அணிய வேண்டும் என்று அமெரிக்கப் பள்ளி விதிகள் வற்புறுத்துகின்றன. வேலியற்ற களங்களில் ஆட்டப் பந்து திடீரெனப் பறந்து வந்து தாக்கக்கூடும் என்பதால், வேறொரு மாணவன் கையுறையுடன் நின்று காவல் புரிவதும் வழக்கம்.

ஆட்டம் நடந்து கொண்டிருக்கும்போது இவன் பொறுப்பு மேலும் கூடுகிறது. முதல் எறிவோன் தளர்ந்தால், பயிற்சி ஆசிரியர் வேறொருவனை அழைப்பார். புதிதாக வருபவன் மண்மேட்டின்மீது பொதுவாக 8 பந்துகளுக்கு மேல் எறிந்து பார்த்தல் கூடாது என்பது விதி. எட்டே பந்துகளில் குளிர்ந்த கை சூடேறிவிடுமா? ஏறாது. ஆதலின், அழைப்பு வருமுன்னரே அவனை ஆயத்தப்படுத்தி வைத்தல் வேண்டும். மிக முன்னதாகத் தொடங்கினால் கை களைத்துவிடும். மிகத் தாமதித்தால் கை இளகாது. களத்தின் போக்கையும் தோழனின் தோளையும் ஒருங்கே நோக்கி, இந்த அளவைப் பேணுபவன் புல்பென் பந்தேற்போன்.

மாணவர்களே! இதுவரை கூறியவை வெற்றி தோல்வியைப் பற்றியவை. இவற்றினும் பெரியதொன்று இம்மாணவனின் கையில் இருக்கிறது. அது தோழனின் உடல்நலம். முழங்கையின் உட்புறத்தில், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் தசைநார் ஒன்று உண்டு. ஒவ்வோர் எறிதலும் அந்நாரை வலிந்து இழுக்கிறது. ஓய்வின்றி எறிந்தால் அது நைந்து, ஒரு நாள் அறுந்துவிடும். 1974ஆம் ஆண்டில் டாமி ஜான் என்னும் தொழில்முறை எறிவோனுக்கு இவ்வாறு நேர்ந்தது. ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் அவருடைய மற்றொரு கையிலிருந்து நாண் ஒன்றை எடுத்து, முழங்கையில் பொருத்தினார். 1976இல் களத்திற்குத் திரும்பிய டாமி ஜான் 1989 வரை ஆடினார். அவ்வறுவை மருத்துவம் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. முதிர்ந்த வீரருக்கெனக் கண்ட அம்மருத்துவம், பிற்காலத்தில் பள்ளிச் சிறுவர்க்கும் தேவைப்படலாயிற்று என்பதே வருந்தத்தக்க செய்தி.

ஒரு காலத்தில் மிகுதியாக எறிவதே வீரம் என்று எண்ணினர். ஜப்பான் நாட்டில் பள்ளிகளுக்கிடையே நடைபெறும் கோஷியென் போட்டி புகழ் மிக்கது. 1998ஆம் ஆண்டில் அப்போட்டியில் மட்சுசாகா என்னும் மாணவர் ஒரே ஆட்டத்தில் 17 சுற்றுகளில் 250 பந்துகளை எறிந்தார், நாடே வியந்தது. ஆனால் பின்னாளில் மக்கள் கருத்து மாறியது. ஓர் எறிவோன் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் எறிதல் கூடாது என்ற வரம்பு 2020இல் அந்நாட்டுப் பள்ளிகளில் ஏற்பட்டது. அமெரிக்காவில் 2014இல் வெளியிடப்பட்ட நெறிமுறைகள், 15, 16 வயதினர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேலும், 17, 18 வயதினர் 105 பந்துகளுக்கு மேலும் எறிதல் ஆகாது என்று அறிவுறுத்தின. 2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் பள்ளி ஆட்டங்களுக்குப் பந்துக் கணக்கின் அடிப்படையில் வரம்பு வகுத்தல் வேண்டும் என்ற விதியும் வந்தது.

எனினும் இக்கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. ஆட்டத்தில் மட்டையாளனுக்கு எறிந்த பந்துகளையே எண்ணுகின்றனர். புல்பென்னில் எறிந்தவற்றை எண்ணுவதில்லை. ஃபுளோரிடா மாநிலத்துப் பள்ளி எறிவோரை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆட்ட நாளில் எறியப்படும் பந்துகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை கணக்கில் வராதவை என்று காட்டிற்று. ஏட்டில் 70 என்று எழுதப்பட்ட நாளில், கை உண்மையில் 120 முறை வீசியிருக்கலாம். அந்த மிகுதியை அறிந்தவன் யார்? எதிரே குந்தியிருந்து, ஒவ்வொரு பந்தையும் தன் உள்ளங்கையில் வாங்கியவன் அல்லனோ!

களைப்பின் குறிகளை முதலில் காண்பவனும் அவனே. முழங்கை சிறிது தாழ்கிறது. குறி வைத்த இடத்திற்கு மேலாகவே பந்துகள் வருகின்றன. கையுறையில் எழும் ஓசை மழுங்குகிறது. எறிந்தபின் தோழன் கையை உதறிக்கொள்கிறான். இவற்றைத் தொலைவில் நிற்கும் ஆசிரியர் காணாதிருக்கலாம். அப்போது எறிவோன் அருகில் வந்து, “தோழா, இன்று பெரிய ஆட்டம். என்னைப் பார்ப்பதற்கென்றே கல்லூரிப் பயிற்சியாளர்கள் வந்திருக்கிறார்கள். என் கை வலிப்பதை ஆசிரியரிடம் சொல்லிவிடாதே” என்று வேண்டுவதாக எண்ணிப் பாருங்கள். பந்தேற்போன் என் செய்வான்? வாய் திறவாதிருந்தால் நட்பு நிலைக்கும், தோழன் மகிழ்வான், ஒருவேளை குழுவும் வெல்லும். வாய் திறந்தாலோ, தோழன் சினம் கொள்வான்; தோல்வி நேர்ந்தால் பழியும் வந்து சேரும்.

உண்மை நண்பன் இவ்விடத்தில் தயங்கமாட்டான். ஆசிரியரிடம் சென்று, “ஐயா, இவன் இன்று இங்கேயே 40 பந்துகள் எறிந்துவிட்டான், முழங்கை தாழ்கிறது, வலி இருப்பதாகவும் சொல்கிறான்” என்று கண்டதையும் கேட்டதையும் கூட்டாமலும் குறைக்காமலும் உரைப்பான். ஓர் ஆட்டத்தை இழந்தால் அடுத்த வாரம் மற்றோர் ஆட்டம் வரும். பதினாறு வயதில் அறுந்த நார் முன்போல் ஆவது அரிது என்பதை அவன் அறிவான். தோழன் இன்று முகம் கோணலாம். நாளை அக்கையால் எழுதும்போதும் எறியும்போதும் அவனை நினைப்பான்.

இத்தகைய பணியைச் செய்யும் மாணவன் இழப்பது ஒன்றுமில்லை, பெறுவதோ மிகுதி. எல்லா எறிவோரின் பந்துகளையும் நாள்தோறும் ஏற்பதால் அவன் கை பழகுகிறது. கண் கூர்மை அடைகிறது. எவனுக்கு எப்பந்து இன்று நன்றாக வளைகிறது என்பதைக் களத்துப் பந்தேற்போனிடம் எடுத்துரைப்பதால், ஆட்டத்தின் நுட்பமும் அவனுக்கு விளங்குகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, தன்னை முன்னிறுத்தாமல் பிறரை உயர்த்தும் பண்பு அவன் உள்ளத்தில் வேரூன்றுகிறது.

நம் வாழ்விலும் அனைவரும் மண்மேட்டின்மீது நிற்க இயலாது. ஒருவர் எறிய, மற்றொருவர் ஏற்றல் வேண்டும். மேடையில் பேசும் மாணவனுக்கு முதல் நாள் மாலையில் அமர்ந்து செவிகொடுத்த தோழன் ஒருவன் இருப்பான். ஓட்டப் பந்தயத்தில் வென்றவனுக்கு விடியற்காலையில் உடன் ஓடியவன் ஒருவன் இருப்பான். அவ்விடத்தில் நிற்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்குமாயின், அதனைச் சிறிதென்று எண்ணாமல் ஏற்போமாக. நண்பனின் ஆற்றலை வளர்ப்பதோடு, வேண்டும் வேளையில் அவனைத் தடுத்து நிறுத்தவும் துணிவோமாக.