பள்ளியும் சுற்றுச்சூழலும்: ஏலமலைச் சரிவு தரும் பாடம்

சுற்றுச்சூழல் பற்றி நம் பிள்ளைகள் நூலில் படிக்கின்றனர். தேர்வெழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆயின், அவர்கள் பயிலும் பள்ளி அப்பாடத்தின்படி நடக்கின்றதா? ஆசிரியப் பயிற்சிப் பணியில் பல்லாண்டுகள் இருந்தவள் என்ற முறையில், போடிநாயக்கனூரையும் அதன் மேலுள்ள ஏலமலைச் சரிவுகளையும் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றேன்.

என் பிழை

பயிற்சி மாணவி ஒருத்தியின் வகுப்பைப் பார்வையிட மலைச்சரிவிலுள்ள ஒரு சிறு பள்ளிக்குச் சென்றிருந்தேன். பிள்ளைகள் வரிசையாக நின்று செடிகளுக்கு நீர் வார்த்தனர். அவ்வொழுங்கைப் பாராட்டிக் குறிப்பேட்டிலும் எழுதினேன். மலையிறங்கும் வழியில்தான் ஒரு சிறுமியின் கையிலிருந்த குவளை நினைவுக்கு வந்தது. அது பூச்சிமருந்து டப்பாவை அறுத்துச் செய்தது. மறுநாளே தலைமையாசிரியருக்கு மடல் எழுதினேன். அவரும் அதனை அகற்றினார். எனினும் செடியைக் கண்ட என் கண் டப்பாவைக் காணவில்லை. பசுமை என்றால் மரம் நடுதல் மட்டுமே என்று எண்ணியதன் விளைவு அது.

நிலத்தின் இயல்பு

ஏலம் நிழலில் வளரும் பயிர். மேலே மரம் இல்லையேல் கீழே ஏலம் இல்லை. அதன் பூக்கள் காய்களாவதற்குத் தேனீக்கள் வேண்டும். பூக்கும் பருவத்தில் அளவின்றி மருந்தடித்தால் பூச்சியோடு தேனீயும் மடியும்; விளைச்சலும் குறையும். மேலும், இம்மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை கொட்டகுடி ஆறாகிப் போடி வழியே சென்று வைகையில் கலக்கின்றது. சரிவிலுள்ள பள்ளி எறியும் குப்பையும் நஞ்சும் சமவெளி மக்கள் பருகும் நீரை நோக்கியே செல்லும்.

பள்ளிகள் செய்யத்தக்கவை

1. நீர்: போடி தென்மேற்குப் பருவமழையின் மறைவுப் பகுதியில் உள்ளது, ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பியுள்ளது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழும். இதனைக் கணக்குப் பாடமாகவே கற்பிக்கலாம். பிள்ளைகள் தம் பள்ளிக் கூரையை அளந்து கணக்கிட்டபின் குழாயைத் திறந்துவிட்டுப் போகமாட்டார்கள்.

2. குப்பை: சத்துணவுக் கூடத்துக் காய்கறிக் கழிவையும் உதிர்ந்த இலைகளையும் குழியிலிட்டு உரமாக்குக. கோடையில் சருகுகளைக் கொளுத்துதல் ஒருபோதும் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில், மலையேற்றம் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் மறக்கவியலாது.

3. நஞ்சு: பூச்சிமருந்துக் கலன்களில் சாய்சதுரக் குறி உண்டு. அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என நச்சுத்தன்மை படிப்படியாகக் குறையும். எனினும் பச்சையும் நஞ்சே. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இக்குறி எழுத்துப் பாடத்தைப் போன்றே இன்றியமையாதது. வெறுங்கலனைப் பெரியோர் மும்முறை அலசித் துளையிட்டு அகற்றவேண்டும், பிள்ளைகள் தொடலாகாது.

4. தோட்டம்: அந்தந்த மண்ணுக்குரிய மரங்களையும் தேனீ நாடும் பூச்செடிகளையும் வளர்க்க. அங்கே மருந்து வேண்டா.

சட்டமும் அறமும்

எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழற்கல்வி வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் ஆணையிட்டது. மைய அரசின் தேசியப் பசுமைப்படைத் திட்டம் 2001–02இல் தொடங்கிப் பள்ளிகள்தோறும் மன்றங்கள் அமைக்க வழிசெய்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தடைசெய்துள்ளது. ஆணைகள் உள்ளன, நாள்தோறும் கடைப்பிடிப்போரே வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு இது புதிதன்று. மண்ணும் நீரும் மரமும் ஓரறிவுயிர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கின்றோம். நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். வடிகட்டிய நீரைப் பருகும் நாம், ஆற்றில் சேரும் நஞ்சைப் பற்றி வாளாவிருத்தல் முறையாகுமா? மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதமும் தேவைக்குமேல் கொள்ளாதே என்பதையே வலியுறுத்துகின்றது. வீட்டில் பயிலும் இவ்வொழுக்கம் பள்ளி வாயிலில் நின்றுவிடலாகாது.

சிந்திக்க வினாக்கள்

1. உங்கள் பிள்ளையின் பள்ளியில் மழைநீர் எங்கே செல்கின்றது?
2. அப்பள்ளியின் குப்பை எரிக்கப்படுகின்றதா, உரமாகின்றதா?
3. வீட்டிலோ பள்ளியிலோ மருந்துக் கலன் எதுவும் வேறு பயனுக்கு வைக்கப்பட்டுள்ளதா?

மூன்றாம் வினாவுக்கு விடை காண இன்றே எழுந்து பாருங்கள். நான் பார்க்கத் தவறியது அதுவே.