குழந்தையின் வறுமையை அளப்பது எப்படி?

வரப்பில் நின்று நோக்கினால் வயல் முழுவதும் பசுமையாகவே தோன்றும். உள்ளே இறங்கிப் பார்த்தால்தான் வளர்ச்சி குன்றிய பயிர் கண்ணில் படும். வறுமைக் கணக்கும் இத்தகையதே.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வைக் கொண்டு நிதி ஆயோக் கணித்தபடி, தமிழ்நாட்டில் பல்பரிமாண வறுமைக்கு உட்பட்டோர் நூற்றுக்கு 2.20 பேரே. இது மகிழத்தக்க செய்தி. ஆயினும் அதே ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றும் காட்டுகிறது.

இவ்வேறுபாடு ஏன்? முதற்கணக்கு குடும்பத்தை அளக்கிறது. உணவூட்டம், கல்வி, குடிநீர், கழிப்பறை முதலிய 12 இனங்களில் உள்ள குறைகளைக் கூட்டி, அவை மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால்தான் அக்குடும்பம் வறியதெனக் கொள்ளப்படும். உணவூட்டக் குறைவின் மதிப்பு ஆறில் ஒரு பங்கே. எனவே, மற்ற வசதிகள் நிறைந்த இல்லத்தில் குழந்தை மட்டும் மெலிந்திருந்தால், அவ்வில்லம் கணக்கில் வாராது.

எனது வட்டாரத்து அங்கன்வாடி ஒன்றில் இதனை நேரிற் கண்டேன். கிணறும் மோட்டாரும் உடைய குடியானவர் ஒருவரின் ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு மேற்கைச் சுற்றளவு 12 சென்டிமீட்டர்தான் இருந்தது. "எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லையே, ஐயா!" என்றார் தந்தை. உண்மைதான். ஆனால் பருப்பும் கீரையும் முட்டையும் அக்குழந்தையின் தட்டிற்கு வரவில்லை.

1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் விரிவுபெற்ற சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பெரும்பணி ஆற்றியுள்ளன. எனினும் முதல் இரண்டு ஆண்டுகளில் குன்றிய வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக ஈடுசெய்தல் அரிது. ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை வருமாறு:

1. வறியோர் பட்டியலைப் பாராது, ஊரிலுள்ள ஒவ்வொரு குழந்தையையும் மாதந்தோறும் எடையிடச் செய்தல். செங்கற்சூளையிலும் கரும்பு வெட்டிலும் வந்து தங்கியோரின் குழந்தைகளையும் விடலாகாது.

2. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சுகாதார நிலையத்திற்கும், 11.5க்குக் குறைந்தால் தாமதமின்றி மருத்துவரிடமும் அனுப்புதல்.

3. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலுடன் சத்துமாவு, பருப்பு, கீரை, முட்டை எனத் தாய்மார்க்கு அறிவுறுத்துதல்.

4. குடிநீர்த் தொட்டியைத் தூய்மையாக வைத்தல். அடிக்கடி வயிற்றுப்போக்கு நேர்ந்தால் உண்ட உணவு உடலில் ஒட்டாது.

கிராம சபையில் சாலைக்கும் விளக்குக்கும் கணக்கு வாசிக்கிறோம். எடை குறைந்த குழந்தைகள் எத்தனை, தேறியோர் எத்தனை என்னும் கணக்கையும், பெயர் கூறாது, அங்கே வாசிப்போமாக.